என் மூக்கும் அவர் வைத்த வேலியும்

எங்கள் வீட்டில் செல்போனுக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். வாசற்படி இறங்கி, கேட்டுக்கு வலது பக்கம் நாலு எட்டு வைத்தால் வேலி. அந்த வேலியை உரசிக்கொண்டு நின்றால் பேசுவது கேட்கும். ஓர் அடி இந்தப் பக்கம் நகர்ந்தால்கூட 'ஹலோ, ஹலோ' என்று தொண்டை கிழியக் கத்த வேண்டியதுதான். மயிலாடுதுறை பக்கத்துக் குத்தாலத்திலிருந்து வயல்களுக்கு நடுவே உள்ளே தள்ளி இருக்கிற ஊர்; டவர்காரர்களுக்கு எங்கள்மேல் அப்படியொன்றும் அக்கறை கிடையாது. அதனால் போன ஐந்து வருஷத்தில் என் கணவரோடு நான் நடத்திய குடித்தனத்தில் பெரும்பகுதி அந்த வேலியோரம் நின்றபடி நடத்தியதுதான்.

அவர் குவைத்தில் இருக்கிறார். ரோட்டோரச் செடிகளைப் பராமரிக்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். சொந்த ஊரில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மணலில் குழாய் பதித்துச் செடிகளுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிற மனுஷன். நான் அதைச் சொல்லிக் கேலி செய்தால், "நம்மூர்ல தண்ணி தானா வருது. இங்க நான் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போவணும். அதுக்குத்தான் சம்பளம் தர்றான்" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். எனக்கு அந்தச் சிரிப்பில் சேரப் பிடிக்காது.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். நாலாவது மாதமே முதல் தடவை விமானம் ஏறினார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு. நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களை எல்லாம் ஒட்டவைத்தால் ஒன்றரை வருஷம் தேறுமா என்பது சந்தேகம். எங்கள் தெருவில் என்னைப் போல இன்னும் நாலைந்து பேர் உண்டு. 'வெளிநாட்டுக்காரர் பொண்டாட்டி' என்றால் வசதியாக இருக்கிறவள் என்று அர்த்தம். நானும் மறுத்துப் பேசியதில்லை. கிரைண்டர், ஃபிரிட்ஜ், மாடியில் ஓர் அறை எல்லாம் இருக்கத்தான் செய்கிறது.

வேலி வந்த கதை இது. வீட்டைப் புதுப்பித்துக் கட்டிய வருஷம் அவர் லீவில் வந்திருந்தார். சுற்றுச்சுவருக்கு முன்னால் ஏதாவது செடி வைக்கலாமென்று கும்பகோணம் சாலையில் ஒரு நர்சரிக்குப் போனோம். நான் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் மனதில் வைத்துக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் அவர் ஒரு மூலையைப் பார்த்து, "அட, நம்மாளு! நீ எப்படா இங்க வந்த?" என்றார். யாரோ கூட வேலை பார்த்தவரைச் சந்தித்துவிட்டார் என்று நினைத்துப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு திரும்பினேன். பார்த்தால் கறுப்புப் பைகளில் வரிசையாகப் பச்சைக் கன்றுகள். கோனோகார்பஸ் என்று பெயர் சொன்னார். அங்கே அவர் கம்பெனி பராமரிப்பது முக்கால்வாசி அந்தச் செடியைத்தானாம்.

"இது ஒரு தொல்லையும் இல்லாத செடி. பூக்காது, குப்பை கொட்டாது, பூச்சி வராது. மதில் மாதிரி அடர்த்தியா வரும்" என்றார். பூக்காத செடியைக் காசு கொடுத்து வாங்குவார்களா என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். "தெனம் காலைல கண்ணத் தொறந்தா நான் பாக்குறது இதத்தான். நீயும் இதயே பாத்துக்கிட்டு இரு. ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருக்குற மாதிரி இருக்கும்." அதற்குப் பிறகு நந்தியாவட்டையைப் பற்றி நான் வாயைத் திறப்பேனா? முப்பது கன்றுகள் வாங்கினோம். அவரே குழி எடுத்து, அவரே நட்டார். நான் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். அந்த நாற்பது நாளில் என் நினைவில் நிற்பது அந்த ஒரு மாலைதான்.

அவர் போன பிறகு செடி கிடுகிடுவென்று வளர்ந்தது. இரண்டு வருஷத்தில் ஆள் உயரம். வீட்டு வேலைக்கு வந்த ஒருவர், "கிளைய கழிச்சு விடட்டுமாம்மா? ரொம்ப அடைச்சுக்கிட்டு நிக்குது" என்று கேட்டபோது பாய்ந்துவிட்டேன். அவர் வைத்ததில் இன்னொருத்தர் அரிவாள் படக்கூடாது என்று ஒரு பிடிவாதம். வளர வளர அவரே நின்று வளர்வதாக ஒரு பைத்தியக்கார எண்ணம். துவைத்த துணியை அதன் மேல்தான் விரித்துக் காயப்போடுவேன். தலையணை உறை, போர்வை, எல்லாம். அவர் ஒவ்வொரு தடவையும் விட்டுப்போகிற ஒரு சட்டை உண்டு. அதையும் வாரத்துக்கொரு முறை அந்த வேலிமேல் வெயிலில் போட்டு எடுத்து, மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாவது வருஷம் மார்கழியில் தும்மல் பிடித்தது. ஒன்றிரண்டு இல்லை, ஆரம்பித்தால் பதினைந்து, இருபது. கண் அரிக்கும், மூக்கு ஒழுகும், பிறகு அடைத்துக்கொள்ளும். மேலண்ணத்தில் நாக்கை வைத்துச் சொறிந்துகொள்ள வேண்டும் போல ஓர் ஊறல். தை பிறந்து சம்பா அறுப்பு தொடங்கியதும் கேட்கவே வேண்டாம். சுற்றிலும் அறுப்பு மெஷின் ஓடுகிறது, பதர் பறக்கிறது, வைக்கோல் தூசி வீட்டுக்குள் வந்து பாத்திரத்தின்மேல் படிகிறது. "நெல்லுச் சுணை ஒத்துக்கல" என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் தை மாதத்தில் தலைவலி வந்தாலும் அறுப்புதான் காரணம், பல்வலி வந்தாலும் அறுப்புதான் காரணம். நானும் நம்பினேன். தூதுவளை ரசம், நொச்சி இலை ஆவி, கடைத்தெரு மருந்துக்கடையில் பெயர் கேட்காமல் வாங்கிய மாத்திரை. மாசி கழிந்து பங்குனி வந்தால் தானே போய்விடும். அடுத்த மார்கழிக்கு மறுபடியும் வந்துவிடும்.

அவர் தினமும் காலையில் கூப்பிடுவார். கம்பெனி பஸ் ஏறியதும் அவருக்கு நாலரை மணி, எனக்கு ஏழு. வாசல் பெருக்கிக் கோலம் போட்ட கையோடு வேலியோரம் போய் நிற்பேன். இரண்டாவது மார்கழியில் ஒருநாள் பேச்சுக்கு நடுவே மூக்கை உறிஞ்சினேன். குரல் கம்மி, அடைத்து, எனக்கே அன்னியமாக இருந்தது.

"ஏம்மா, அழுவுறியா?" என்றார்.

"இல்லைங்க, சளி."

"சும்மா சொல்லாத."

"நெசமாத்தாங்க. சளி பிடிச்சிருக்கு."

அவர் நம்பவில்லை. வெளிநாட்டில் இருக்கிற ஆண்களுக்குத் தெரியும் போலிருக்கிறது, ஊரில் இருக்கிற பெண்டாட்டிக்குச் சளி என்றால் என்ன அர்த்தமென்று. நேற்று காற்று எப்படி அடித்தது, மணல் எப்படிக் கண்ணில் விழுந்தது, தானே வைத்த குழம்பு எப்படிப் புளித்துப்போனது என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். அதுவரைக்கும் எங்கள் பேச்சு மூன்று நிமிஷம். கரண்ட் பில் கட்டியாச்சா, குத்தகை நெல் வந்துச்சா, மகள் படிக்கிறாளா, வச்சிடட்டுமா. அன்றைக்கு இருபது நிமிஷம் பேசினார். முடிக்கும்போது, "நீ மாம்பழக் கலர் பொடவ கட்டிக்கிட்டு ஏர்போர்ட்டுக்கு வந்தியே, அதயே நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். பதினெட்டு வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு நான் கேட்டதில்லை.

மறுநாளும் உறிஞ்சினேன். மறுநாளும் இருபது நிமிஷம்.

நான் பொய் சொல்லவில்லை. சளி என்று சொல்வதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். அவர் "அழுவாதம்மா" என்றால் "ம்" என்பேன். இப்படி இரண்டு மார்கழி, இரண்டு தை. பங்குனி வந்து மூக்கு தெளிந்துவிட்டால் மறுபடி கரண்ட் பில்தான். மார்கழி எப்போது வருமென்று காத்திருக்கிற அளவுக்கு ஆகிவிட்டேன் என்றால் என் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன தை மாதம், பொங்கல் முடிந்த மறுவாரம். அன்றைக்கு மூக்கோடு நெஞ்சும் சேர்ந்து அடைத்திருந்தது; பேச்சே திக்கித் திக்கித்தான் வந்தது. அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "வைகாசியோட இந்தக் காண்ட்ராக்ட் முடியுது. மேல எழுதிக் குடுக்கப் போறதில்ல. வந்துடறேன். நெலத்தத் திருப்பி வாங்கி நாமளே பாத்துக்குவோம். நீ இப்படித் தெனம் அழுவுறதக் கேட்டுக்கிட்டு என்னால இங்க இருக்க முடியல."

அப்படியே வேலியைப் பிடித்துக்கொண்டேன். இலை கை நிறைய வந்தது. வந்துவிடுகிறாராம். நாற்பது நாளுக்கு இல்லை, அதற்கப்புறமும். வீட்டுக்குள் போய் முதல் காரியமாக பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்தேன். பிறகு குத்தகைக்காரரைப் பார்த்து, வரும் குறுவைக்கு நிலம் வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, "என்னம்மா, ஒரு மாதிரி சிரிச்சுக்கிட்டே இருக்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அந்த 'ஒன்றுமில்லை'க்குள் ஒரு முள்ளும் இருந்தது. அவர் எதைக் கேட்டு வருகிறேன் என்கிறாரோ அது அழுகை இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இருமல் அதிகமாகி, படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் மகள் விடவில்லை. மயிலாடுதுறைக்கு இழுத்துப் போனாள். அங்கே க்ளினிக் வைத்திருக்கிற டாக்டர் எங்கள் ஊர்ப் பெண்தான். அவருடைய அம்மா எங்கள் வயலில் நடவு நட்டவர். என் மாமியார் அந்த அம்மாவை 'வாடி, போடி' என்று கூப்பிட்டதை நான் காதால் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு அது உறைக்கவும் இல்லை. இப்போது அந்த அம்மாவே மூன்று மா வாங்கிச் சொந்தமாகச் சாகுபடி செய்கிறார். டாக்டர் என்னை "வாங்கக்கா, உக்காருங்க" என்றார். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"அறுப்புத் தூசி டாக்டர். வருஷா வருஷம் வர்றதுதான்" என்று நானே நோயையும் சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். "அறுப்புத் தூசின்னா எங்கம்மாவுக்குத்தானேக்கா மொதல்ல வந்திருக்கணும்? நாப்பது வருஷமா அதுலதானே நின்னாங்க. அவங்களுக்கு ஒரு தும்மல் இல்லயே" என்றார். "சரி, எல்லாருக்கும் ஒண்ணு மாதிரி இருக்காது. ஒரு நோட்டு போடுங்க. தும்மல் எப்ப வருது, அப்ப எங்க நிக்கிறீங்க, என்ன வேலை செய்யிறீங்க. பத்து நாள் எழுதிட்டு வாங்க."

மகள் மிச்சம் வைத்த கணக்கு நோட்டில் எழுதினேன். நடுவில் தாராசுரத்தில் என் சித்தி மகன் கல்யாணம் வந்தது. மூன்று நாள் அங்கே தங்கினேன். மண்டபத்துக்குப் பின்னால் வயல். பகல் முழுக்க மெஷின் ஓடியது. பந்தியில் இலையைத் துடைத்துத் துடைத்துப் போட வேண்டியிருந்தது, அவ்வளவு தூசி. 'தும்மல் இல்லை' என்று மூன்று நாளும் எழுதியிருக்கிறேன். எழுதும்போது அதில் ஒன்றும் விசேஷம் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலை: 'ஏழு மணி. வாசல். போன் பேசும்போது. இருபத்திரண்டு.'

டாக்டர் நோட்டைப் புரட்டினார். "ஏழு மணி, வாசல், போன். ஏழு மணி, வாசல், போன். போன் பேசினா தும்மல் வருமாக்கா? வாசல்ல என்ன செடி வச்சிருக்கீங்க?"

"பூச்செடி ஒண்ணும் இல்ல டாக்டர். வெறும் பச்சைச் செடிதான். பூக்காது."

மகள் செல்போனில் இருந்த படத்தைக் காட்டினாள். பொங்கலன்று வேலிக்கு முன்னால் நான் நிற்கிற படம். டாக்டர் இரண்டு விரலால் பெரிதாக்கி என் தலைக்குப் பக்கத்தில் காட்டினார். இலைகளுக்கு நடுவே பச்சை மிளகுக் கொத்து மாதிரிக் குட்டிக் குட்டி உருண்டைகள். நான் தினமும் பார்த்ததுதான். காய் என்றோ கொழுந்து என்றோ நினைத்திருந்தேன். என்னவென்று யோசித்ததே இல்லை.

"இதான்க்கா பூ. கலரும் இல்ல, வாசமும் இல்ல, அதான் தெரியல. இதோட மகரந்தம் காத்துல வரும். இந்தச் செடிய இனிமே வைக்க வேணாம்னு பேப்பர்லகூட வந்துச்சே, பாக்கலயா?" என்றவர், "துணிய எங்க காயப் போடுறீங்க?" என்று கேட்டார்.

"வேலி மேலதான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தலையணை உறையையும் அங்கேதான் போடுகிறேன் என்று மகள் சேர்த்துக்கொண்டாள். சட்டையைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

தஞ்சாவூருக்கு அனுப்பிச் சோதனையும் செய்யச் சொன்னார். மாத்திரையைச் சில நாள் நிறுத்திவிட்டுப் போகவேண்டும். முன்கையில் வரிசையாகச் சொட்டு விட்டு, ஊசி முனையால் லேசாகக் குத்திக் கால்மணி நேரம் உட்காரவைத்தார்கள். தூசிக்கு விட்ட இடம் அப்படியே கிடந்தது. ஏதோ இரண்டு மகரந்தத்துக்கு விட்ட இடம் மட்டும் கொசு கடித்தது போலத் தடித்தது. என் வேலிச் செடிக்கான சொட்டு அவர்களிடம் இல்லை. ஆனால் நோட்டில் இருப்பதே போதும் என்றார்கள். அறுப்பின் மேல் மூன்று வருஷமாகப் போட்ட பழி அன்றோடு நீங்கியது.

டாக்டர் சொன்னது எல்லாம் எளிய காரியம்தான். தினம் ஒரு மாத்திரை. மூக்குக்கு ஸ்பிரே, அதை நான் அண்ணாந்து பார்த்து அடித்துத் தொண்டையில் இறக்கிக்கொண்டிருந்தேன். தலையைக் கொஞ்சம் குனிந்து, குழாயை மூக்கின் நடுத்தண்டுக்கு இல்லாமல் வெளிப்பக்கமாகச் சாய்த்து அடிக்கவேண்டும் என்று அவரே செய்து காட்டினார். கொதிக்கவைத்து ஆறிய உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டும். துணி மாடியில். வாசல் பெருக்கும்போது மாஸ்க். பூ வருகிற மாதங்களில் வேலிப் பக்கம் போகவே கூடாது. "செடிய எடுத்துடுங்க. இல்லன்னா பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ வெட்டி பூக்க விடாம வச்சுக்கணும்" என்றார்.

ஒரு வாரத்தில் மூக்கு திறந்தது. அதுவரை ரசத்தில் பெருங்காய வாசனை இருந்ததையே மறந்துவிட்டிருந்தேன். தும்மாமல் முழு கோலம் போட்டேன். போன் பேச மட்டும், மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு வேலியோரம்தான் போய் நின்றேன். வேறு எங்கே போவது?

"கொரல் நல்லாருக்கே" என்றார் அவர். "மனசு தேறிட்ட போலருக்கு."

"ம்" என்றேன். அந்த 'ம்' என்னைக் கவிழ்த்துவிட்டது.

நாலு நாள் கழித்து மெதுவாக ஆரம்பித்தார். கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். பதவி கூட்டித் தருகிறார்களாம். மகள் காலேஜ் சேரப்போகிறாள். "நீ இப்படித் தெம்பா இருந்தின்னா யோசிக்கலாம்னு பாக்குறேன். ஒன்னக் கேக்காம முடிவு பண்ண மாட்டேன்."

மறுநாள் காலை நான் ஸ்பிரே அடிக்கவில்லை. மாத்திரையும் போடவில்லை. மாஸ்க்கைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலிக்குள் முகம் புதைகிற மாதிரிப் போய் நின்றேன். மாசி மாதம், பூ உச்சத்தில் இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. 'வந்துடுங்க' என்று வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பதினெட்டு வருஷமாக நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ஏர்போர்ட்டில் சொன்னதில்லை, பிரசவத்துக்குப் போனபோது சொன்னதில்லை, மாமனார் செத்தபோது சொன்னதில்லை. போகிறவரைத் தடுக்கிற மாதிரிப் பேசக்கூடாது என்று பழகிவிட்டது. எனக்காக என் மூக்கு சொல்லிக்கொண்டிருந்தது. அதையும் மருந்து போட்டு அடைத்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

இரண்டு நாள் நன்றாகவே நடந்தது. "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று அவர் குரல் உடைந்தது. மூன்றாம் நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு இறுகியது. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். மகள்தான் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனாள். மூக்கையும் வாயையும் மூடி மருந்துப் புகை பிடிக்கவைத்தார்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு இப்படி ஒரு காலைப்பொழுதைக் கொடுத்துவிட்டேனே என்பதுதான் மூச்சு முட்டியதைவிட அதிகமாக வலித்தது.

டாக்டர் கோபப்பட்டார். மருந்து போட்டீர்களா இல்லையா என்று ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். மகளை வெளியே அனுப்பச் சொல்லிவிட்டு உண்மையைச் சொன்னேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவர்ட்ட சொல்லிடுங்கக்கா. எல்லாத்தையும். இல்லன்னா அடுத்த தடவ இங்க வந்து சேர்றதுக்குள்ள என்னாவும்னு என்னால சொல்ல முடியாது."

மறுநாள் மாஸ்க் போட்டுக்கொண்டு, வேலிக்கு முதுகைக் காட்டி நின்று சொன்னேன். இரண்டு வருஷமாக நான் அழவில்லை, அது அவர் வைத்த செடி செய்த வேலை, ஆஸ்பத்திரிவரை போய்வந்தாகிவிட்டது என்று. மருந்தை நிறுத்தியதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் காரணமும் சொல்லவேண்டியிருக்கும்.

அவர் முதலில் பயந்தார், திட்டினார், இப்போது எப்படி இருக்கிறது என்று பத்துத் தடவை கேட்டார். பிறகு, "பூத்துச்சா? அது பூக்காதேம்மா" என்றார். "நாங்க இத்தன வருஷத்துல ஒரு பூ பாத்ததில்லயே. பதினஞ்சு நாளைக்கு ஒரு வாட்டி வெட்டிக்கிட்டே இருப்போம்..." என்று இழுத்தவர் அங்கேயே நிறுத்திவிட்டார்.

"இங்க யாரு வெட்டுறது?" என்றேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நிம்மதியில் வந்த சிரிப்பு; எத்தனை நாள் பாரத்தை இறக்கி வைத்தாரோ, நிறுத்தவே முடியவில்லை. "செடியா! நான் என்னென்னமோ நெனச்சுக்கிட்டு ராத்திரி தூங்காம கெடந்தேனே. ஒரு செடிக்காகவா! புடுங்கிப் போட்டுடு. செடிதானே" என்றார். செடிதானே என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று இருந்தது. நானும் கூடச் சிரித்தேன்.

பங்குனியில் ஆள் விட்டு எடுத்தேன். நான் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், டாக்டர் உத்தரவு. முப்பதையும் அறுத்துத் தள்ள ஒரு பகல் போதும் என்று நினைத்திருந்தார்கள். வேர் சாக்கடைக் குழாய்க்குள் புகுந்து, அதைப் பிளந்துகொண்டு போயிருந்தது. ஜேசிபி கொண்டுவந்து மூன்றாம் நாள்தான் முடிந்தது. இறங்கி வந்து பார்த்தால் வாசல் மொட்டையாக இருந்தது. தெருவுக்கு அந்தப் பக்கம், அறுத்து முடித்த வயல் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெரிந்தது. மடித்து வைத்திருந்த சட்டையை இரண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைத்து, மாடியில் உலர்த்தி, பீரோவில் காலியாக இருந்த தட்டில் வைத்தேன்.

அந்த மாதக் கடைசியில் அவர் இன்னும் இரண்டு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்டுவிட்டுத்தான். "சரிங்க" என்றேன். குத்தகைக்காரரிடம் போய், குறுவைக்கும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சித்திரை பிறந்து ஒருவாரம் இருக்கும். ஏழு மணிக்குப் போன் வந்தது. வேலி இருந்த இடத்தில் நின்றேன், சிக்னலுக்குக் குறைவில்லை. கரண்ட் பில்லைக் கேட்டார். குழாய் சரிசெய்ததைக் கேட்டார். புதுப் பதவியில் தனி ரூம் கொடுத்திருப்பதாகவும், ஜன்னலைத் திறந்தால் அதே செடி வரிசையாக நிற்பதாகவும் சொன்னார். மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். வச்சிடட்டுமா என்று கேட்கப்போகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. அதற்குள் மூக்கை உறிஞ்சிவிட்டேன்.

"என்ன, மறுபடியும் மூக்கா? அதான் வேரோட எடுத்தாச்சே. அக்கம்பக்கத்துல யாராச்சும் வச்சிருக்காங்களா, பாரு."

"யாரும் வைக்கலைங்க."

"மாத்திர இருக்கா? போட்டியா?"

"இது செடி இல்லைங்க" என்றேன். "அழுவுறேன்."

பஸ் ஓடுகிற சத்தம் கேட்டது. பின்னால் யாரோ இந்தியில் ஏதோ சொல்லிக் கொட்டாவி விட்டார்கள். லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மறுபடி காதில் வைத்தேன்.

"எத்தன நாளாம்மா?" என்றார்.

"நீங்க மொத தடவ போனதுலேருந்து."